தோன்றா எழுவாய்: பால்டிமோர் போதைத் தலைவனின் இலக்கணம்

‘தி வயர்’ தொடரில் உண்மையான தலைவன் யார் என்ற வினா, அதன் 60-வது எபிசோடு 2008 மார்ச் 9 அன்று முடிந்த இரவோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துப் பால்டிமோர் நகரில் போதைச் சரக்கு விற்பவர்களையும், அவர்களை ஒட்டுக்கேட்கும் போலீஸ்காரர்களையும் எச்பிஓ நிறுவனம் 2002 தொடங்கி 5 சீசன்களாகக் காட்டியது. பார்த்து முடித்தவர்கள் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள் என்று நம்பியிருக்கும். பார்த்தவர்களோ கட்சி கட்டினார்கள். வடகலை தென்கலைக்குப் பிறகு இவ்வளவு நுட்பமான வேறுபாட்டுக்கு இவ்வளவு உரத்த குரலில் சண்டை நடந்ததை இவ்வாய்வாளன் கண்டதில்லை.

கட்சிகள் மூன்று. ஏவன் பார்க்ஸ்டேல்தான் தலைவன் என்பது முதற்கட்சி. ஆட்சி அவன் பெயரில் நடந்தாலும் மூளை அவன் நண்பன் ஸ்ட்ரிங்கர் பெல்லுடையது என்பது இரண்டாம் கட்சி. இருவரின் கடைசிக் காலத்தில் தலையெடுத்து, சிரிக்காமலே ஊரைப் பிடித்த மார்லோ ஸ்டான்ஃபீல்டுக்கு முன் இருவரும் தூசி என்பது மூன்றாம் கட்சி. கிழக்குப் பால்டிமோரில் பழைய மின்சாதனங்களைப் பழுது பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்த ப்ரொபசிஷன் ஜோவுக்கும் சில பக்தர்கள் உண்டு. பழக இனியவர்கள், ஆனால் எண்ணிக்கையில் சொற்பம். துப்பாக்கியோடு வந்து இவர்கள் எல்லாரையும் கொள்ளையடிக்கும் ஒமாரைச் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. பின்னாளில் ஜனாதிபதியான பராக் ஒபாமாவே 2008-இல் தமக்குப் பிடித்த பாத்திரம் ஒமார்தான் என்றார். வழிப்பறி வேறு, தலைமை வேறு. ஜனாதிபதி சொன்னாலும் வகைப்பாடு வகைப்பாடுதான்.

இவ்வாய்வாளனின் மைத்துனர் முதற்கட்சியின் மூத்த ஆசாரியர். தீபாவளிக்கு வந்தாலும் துக்கத்துக்கு வந்தாலும் அவர் எழுப்பும் வினா ஒன்றே: “மாப்ள, சிம்மாசனத்துல உக்காந்தது யாரு, கணக்கு எழுதினது யாரு? கணக்குப்பிள்ளைய ராஜான்னு சொல்லாதீங்க.” இதற்கு மறுப்பு எழுதத் தொடங்கியதுதான் இக்கட்டுரை. எழுத எழுத, சண்டையே தவறான இடத்தில் நடக்கிறது என்று தெரிந்தது. தலைவன் என்ன வைத்திருந்தான் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சரக்கு எவ்வளவு, தெரு எத்தனை, ஆள் எத்தனை என்று. அவனிடம் எது இல்லை என்பதே அளவுகோல். போலீஸ் எதைத் தேடி அலைந்ததோ அதுவே இல்லாதவன் தலைவன்.

முதல் சீசனை எடுத்துக்கொள்வோம். ஏவன் பார்க்ஸ்டேல் மேற்குப் பால்டிமோரின் அடுக்குமாடிகளை ஆள்கிறான். அவனைப் பிடிக்க நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு தனிப்படை உட்காருகிறது. படையிடம் அவனது புகைப்படம் ஒன்றுகூட இல்லை. முதல் இன்மை முகம். ‘ஏவன் எவன்?’ என்று தமிழில் கேட்டால் அவர்களின் முதல் சில வாரத்து வேலை முழுவதும் அடங்கிவிடும். நம் இலக்கணத்தில் இதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு: தோன்றா எழுவாய். வாக்கியத்தில் எல்லா வேலையும் நடக்கும், செய்பவன் மட்டும் கண்ணில் படமாட்டான். முற்றத்தில் கிடக்கும் ஆரஞ்சு நிற சோபாவில் உட்கார்ந்து பையன்கள் விற்கிறார்கள். செயப்படுபொருள் வெளிப்படை. அங்கே பொருளுக்கா பஞ்சம்? எழுவாயைத்தான் காணோம். 13 எபிசோடு பாடுபட்டு, கடைசியில் நீதிமன்றத்தில் ஏவனுக்குக் கிடைப்பது 7 ஆண்டு. ஸ்ட்ரிங்கர் மீது வழக்கே இல்லை. பயனிலையைப் ‘பயன் இலை’ என்று பிரித்துப் படிக்கும் வழக்கம் போலீஸ்காரர்களிடமிருந்து வந்ததோ என்று ஐயுற இடமுண்டு.

அந்த முகத்தைக் கண்டுபிடித்தவர் தனிப்படையின் லெஸ்டர் ஃப்ரீமன். 13 ஆண்டும் 4 மாதமும் அடகுக்கடைப் பிரிவில் தூக்கிப் போடப்பட்டிருந்தவர். மேசையில் குனிந்து பொம்மை வீட்டுக்கு நாற்காலி செய்துகொண்டிருப்பார், யாரும் சட்டை செய்யமாட்டார்கள். ஏவன் சிறுவயதில் குத்துச்சண்டை போட்டவன் என்று காதில் விழுந்ததும் எழுந்து போய், ஒரு பயிற்சிக்கூடத்திலிருந்து பழைய போட்டிச் சுவரொட்டியோடு திரும்பினார். அதில் ஏவன் இளம் முகத்தோடு நிற்கிறான். கணினி, கோப்பு, துப்பறியும் படை எல்லாம் தோற்ற இடத்தில் சுவரொட்டி வென்றது. சுவரொட்டியின் வல்லமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முகம் கிடைத்தபின்னும் ஏவன் தன் இன்மையைக் காத்தான் என்பதற்குச் சான்று உண்டு. கிழக்கும் மேற்கும் மோதும் கூடைப்பந்து ஆட்டம் முடிந்து கிளம்பும் ஏவனின் காரை லெப்டினன்ட் டேனியல்ஸ் பின்தொடர்கிறார். கார் மறைந்துவிடுகிறது. சற்று நேரத்தில் எதிர்த்திசையில் அவரைக் கடந்து போகும் அதே காருக்குள்ளிருந்து ஏவன் ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆட்டுவது போல. முதற்கட்சியினர் இக்காட்சியைச் சொல்லும்போது தாமும் விரலை ஆட்டிக்காட்டுவர். மைத்துனர் இரு கையாலும் ஆட்டுவார்.

இனி ஒட்டுக்கேட்பு. இதை எளிதென்று நினைப்பவர்கள் மாமியார் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொலைபேசியை ஒட்டுக்கேட்க நீதிபதியின் ஆணை வேண்டும். மற்ற வழிகளால் முடியவில்லை, அல்லது முடியாது என்று எழுதிக் காட்ட வேண்டும். ஆணையின் ஆயுள் 30 நாள். அதன்பின் மறுபடி எழுத வேண்டும். வழக்குக்குத் தொடர்பில்லாத பேச்சு என்றால் கேட்பதை நிறுத்த வேண்டும். பொதுத் தொலைபேசியாக இருந்தால் சங்கடம் இன்னும் கூடும், பேசுவது யாரென்று தெரிய வேண்டுமல்லவா? ஆகவே அடித்தளத்தில் ஒருவர் காதில் கருவியோடு இருக்க, எதிர்க் கட்டட மொட்டைமாடியில் இன்னொருவர் வெயிலில் கிடந்து, போனை எடுத்தவன் நம்மவன்தான் என்று சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் அந்தப் பக்கத்தில் தலைவன் போனையே தொடுவதில்லை. முதல் எபிசோடிலேயே வீ-பே என்னும் அடியாள், காருக்குள் தொழில் பேசிய கூட்டாளி டி’ஏஞ்சலோவைக் கண்டிக்கிறான். காரிலும் பேசக்கூடாது, போனிலும் பேசக்கூடாது என்பது விதி. பையன்கள் பேஜர் வைத்திருப்பார்கள். அதில் வரும் எண்ணைப் பார்த்து, பொதுத் தொலைபேசிக்கு நடந்து போய்த் திருப்பி அழைப்பார்கள். அந்த எண்ணும் நேரான எண் அல்ல.

இவ்விடத்தில் ஆய்வு சற்றுக் கணிதத்துள் இறங்குகிறது. பொறுத்தருள்க. தொலைபேசியின் பொத்தான் கட்டத்தில் நடுவில் இருப்பது 5. எந்த எண்ணை அழுத்த வேண்டுமோ, 5-ஐத் தாண்டி அதற்கு நேரெதிரில் உள்ளதை எழுதுவர். 1-க்கு 9, 2-க்கு 8, 3-க்கு 7, 4-க்கு 6. ஒவ்வொரு சோடியும் கூடினால் 10. நடுவில் உள்ள 5-க்குத் தாண்ட இடமில்லை, அடியில் உள்ள 0-வுக்கும் இல்லை. ஆகவே அவை இரண்டும் தமக்குள் இடம் மாறிக்கொள்ளும். மறைக்கும் விதியும் அவிழ்க்கும் விதியும் ஒன்றே என்பது இதன் அழகு. இரண்டுமுறை தாண்டினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். கூட்டல் தெரியாவிட்டாலும் பொத்தானைக் கண்ணால் கண்டால் போதும். இதை அவிழ்ப்பவர் ப்ரெஸ். போலீஸ் வேலைக்கு லாயக்கற்றவர் என்று ஒதுக்கப்பட்டவர், பிறகு அதை விட்டுக் கணக்கு வாத்தியாராகப் போனவர். சீசன் 4 அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. பள்ளிக் கதை நெஞ்சை அடைக்கும், ஆய்வுக்கு உதவாது.

இரண்டாம் இன்மை குரல். ஸ்ட்ரிங்கர் கட்சியினரின் வலுவெல்லாம் இதில்தான். தெருவில் வியாபாரம் செய்துகொண்டே சமுதாயக் கல்லூரியில் பொருளாதாரம் படித்த மனிதர் அவர். ஈமச்சடங்கு நிலையத்தில் கூட்டம் போட்டு, நாடாளுமன்ற விதிமுறைப்படி கையைத் தூக்கிப் பேசு என்று அடியாட்களுக்குச் சொன்னவர். விதிகளை உண்மையாகவே நம்பிய ஒரு பையன் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதினான். குற்றச்சதிக்குக் குறிப்பேடா என்று கேட்டுத் தாளைப் பிடுங்கினார் ஸ்ட்ரிங்கர். எழுதாதே என்பது தலைமையின் ஆதி விதி. இதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன், கட்டுரையின் முடிவில் தேவைப்படும்.

சீசன் 3-இல் அவர்கள் பேஜரை விட்டு, பயன்படுத்தித் தூக்கியெறியும் செல்போனுக்கு மாறினார்கள். சந்தேகம் வராமலிருக்க ஒரு கடையில் இரண்டே போன் வாங்கு என்று உத்தரவு. வாங்கப் போன பெர்னார்டுக்குக் கால் வலித்தது. லெஸ்டர் மோசடி வியாபாரி வேஷத்தில் வந்து, ஏற்கெனவே ஒட்டுக்கேட்க ஏற்பாடு செய்த போன்களை மொத்தமாக அவனிடமே விற்றுவிட்டார். பேரரசுகள் விழும் காரணங்களில் படைத்தளபதியின் துரோகத்தைச் சொல்கிறார்கள், கடைப்பையனின் சோம்பலை யாரும் எழுதுவதில்லை. கடைசியில் ஸ்ட்ரிங்கரின் குரல் போலீஸிடம் சிக்குகிறது. சிக்கிய கையோடு அவர் சுட்டுக்கொல்லப்படுகிறார். பிணத்தின் அருகே நிற்கும் போலீஸ் துப்பறிவாளர் மெக்நல்டியின் துயரம் விசித்திரமானது: பிடித்துவிட்டேன், அது இவனுக்குத் தெரியாமலே போய்விட்டதே. காதலில்கூட இப்படி ஒரு புலம்பல் அரிது. போலீஸ் அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த அந்தக் குரலும் அசல் இல்லை என்பது கிளைச்செய்தி. ஸ்ட்ரிங்கராக நடித்த இட்ரிஸ் எல்பா லண்டன்காரர். அவரைத் துரத்திய மெக்நல்டியான டொமினிக் வெஸ்டும் இங்கிலாந்துக்காரர். சீசன் 2-இல் அந்த மெக்நல்டி வேவு பார்க்கும் வேலைக்காக ஆங்கிலேயன் போல நடிக்கிறார், படுமோசமாக.

போலீஸ் பக்கத்திலும் இலக்கணம் உண்டு. ஹெர்க், கார்வர் என்ற இருவர் ஒரு டென்னிஸ் பந்துக்குள் ஒலிவாங்கியைப் புதைத்து, சரக்கு விற்பவன் காலடியில் போட்டார்கள். அவன் அதை எடுத்துத் தெருவில் எறிய, லாரி ஏறிக் கருவி கூழாயிற்று. பணத்தைத் துறையிடமிருந்து தேற்றுவதற்காக, இல்லாத ஒற்றன் ஒருவனைப் படைத்து ஃபஸி டன்லப் என்று பெயரிட்டார்கள். கம்பெனியின் பெயர் பந்துக்கு ஆகி, பந்தின் பெயர் மனிதனுக்கு ஆனதால் இது இருமடி ஆகுபெயர். சீசன் 4-இல் மார்லோவைப் பார்க்க வைத்த கேமராவை ஹெர்க் பறிகொடுத்தபோது டன்லப் மறுபடி உயிர்பெற்றார். கேமராவைக் கண்டுகொண்ட மார்லோ அதை உடனே எடுக்கவில்லை. அதன் முன் பொய்யாக ஒரு பேச்சைப் பேசி, கேட்பது யாரென்று சோதித்தார். ஹெர்க் நல்லபிள்ளையாக ரயில் நிலையத்தில் போய் நின்றார். ஒட்டுக்கேட்பவனை ஒட்டுப்பார்த்த இந்தச் செயலை மூன்றாம் கட்சி தன் வேதவாக்காகக் கொள்கிறது.

ஆயினும் மூன்றாம் இன்மையான பெயரின்மையில் மார்லோவிடம் ஒரு குறை. அவருக்குப் பெயர் வேண்டியிருந்தது. பெயரை ஒமார் தெருவில் இழிவாகக் கூவியதை அடியாட்கள் சொல்லாமல் மறைத்ததற்காகச் சிறையில் வெகுண்டாரே தவிர, ஆட்சி போனதற்கு அவ்வளவு வெகுளவில்லை. போனில் பேசாமல், கடிகார முகப்பின் படம் மட்டும் அனுப்பி, முட்களின் நிலையால் வரைபடத்தின் கட்டத்தைக் குறிக்கும் முறையும் அவரிடம் இருந்தது. அதையும் போலீஸ்காரர் சிட்னர் அவிழ்த்துவிட்டார். அந்த ஒட்டுக்கேட்பே சட்டவிரோதம் என்பதால் மார்லோ வெளியே வந்தார், இனி தொழில் கூடாது என்ற நிபந்தனையோடு. கோட்டுப் போட்ட விருந்தில் நிற்கப் பிடிக்காமல் தெருமுனைக்குப் போய்ப் பையன்களிடம் வம்பிழுத்தார். அவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பெயரின்மையில் முழுமை பெற்றவர் ஒருவரே. சீசன் 2-இல் துறைமுகத்துக்குக் கொள்கலனில் சரக்கு வரவழைக்கும் ‘கிரேக்கர்’. முதலில் அவரைப் பார்ப்பது உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு கிழவராக. முதலாளி போலப் பேசுவது வேறொருவர். சீசன் முடிவில் தாம் கிரேக்கர்கூட இல்லை என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறார். முகம் கண்ணில் பட்டும் பதியாமல், குரல் அகப்படாமல், பெயர் பொய்யாகி, தண்டனையும் இல்லாமல் போனவர். ஆகவே தலைவன் இவரே என்பது இவ்வாய்வின் முடிபு. எந்தக் கட்சியும் இதை ஏற்கவில்லை. “அந்தக் காபிக்கடைப் பெரியவரா?” என்றார் மைத்துனர். தோன்றா எழுவாய்க்கு ரசிகர் மன்றம் எப்படி அமையும்?

முகம், குரல், பெயர் மூன்றையும் மறைக்காமல் திரையில் வந்த அசல் தலைவர் ஒருவரும் உண்டு. மெல்வின் வில்லியம்ஸ், பால்டிமோரில் ஒருகாலத்தில் பெரும் போதை வியாபாரி. 1980-களில் அவரைப் பிடித்த விசாரணையில் இருந்தவர் எட் பர்ன்ஸ், அதைப் பற்றிப் பால்டிமோர் சன் நாளிதழில் எழுதியவர் டேவிட் சைமன். இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தத் தொடர். தண்டனை முடிந்து வந்த வில்லியம்ஸுக்கு அதில் தேவாலயத்து டீக்கன் வேடம் கொடுத்தார்கள். அன்று அவர் பேச இவர்கள் கேட்டார்கள், பிறகு இவர்கள் எழுத அவர் பேசினார். 2015-இல் அவர் மறைந்தார்.

ரசிகனின் நிலை என்ன? போலீஸ்காரனுக்குத் தொடர்பற்ற பேச்சைக் கேட்க அனுமதியில்லை. ரசிகன் நீதிபதியைக் கேட்காமலே 60 எபிசோடும் கேட்கிறான், அதிலும் தொடர்பற்றதையே தேடிக் கேட்கிறான். லெஸ்டர் செய்த பொம்மை நாற்காலிக்கு வார்னிஷ் அடித்தாரா என்பது வரை விவாதம் வந்தாயிற்று.

எஞ்சியது செயல்முறைச் சோதனை. இவ்வாய்வாளனுக்குச் சர்க்கரை உண்டு. ஆகவே வீட்டில் சில பொருள்களுக்குத் தடை உண்டு. ஒரு குறிப்பிட்ட நபரின் மொபைல் எண்ணை 5-ஐத் தாண்டி எழுதி, ‘எல்.ஐ.சி. பழைய எண்’ என்ற தலைப்பில் நாட்காட்டியின் பின்புறம் குறித்து வைத்தேன். எட்டு மாதம் பிழையின்றி நடந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை மனைவி நாட்காட்டியைக் கழற்றித் துடைத்தாள்.

“பத்து இலக்கம் இருக்கு. போன் நம்பர் மாதிரிதான் இருக்கு. ஆனா ஒண்ணுல ஆரம்பிக்குது. ஒண்ணுல ஆரம்பிக்கிற செல் நம்பர் நம்ம ஊர்ல ஏதுங்க?”

ப்ரெஸ்ஸுக்கே இது தோன்றியிருக்காது. 9 தாண்டினால் 1 ஆகும் என்பதை நான் கட்டுரைக்காக வரைந்து வைத்திருந்த பொத்தான் படம் மேசைமேல் விரித்தபடி கிடந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், என் போனை எடுத்து எண்களை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

“சொல்லுங்க சார்,” என்றது குரல். “வழக்கம்போல மைசூர்பா அரைக் கிலோதானே? பின்வாசப் பக்கமே வந்துடட்டுமா?”