ஆளுக்கும் ஒரு எஃப்.சி.

மருமகனே, அப்பாகிட்ட இருந்து கார் சாவிய எப்படியாச்சும் வாங்கிருங்க மாமான்னு போன்ல சொல்லிட்ட. சென்னையில உக்காந்து சொல்றதுக்கென்ன, வாய்க்கு வாடகையா குடுக்கணும்? பொண்ணு கேட்டுட்டு வாங்கன்னா பூவும் பழமும் தட்டுல வச்சு எடுத்துக்கிட்டுப் போயிருவேன். சாவி கேட்டுப் போறதுக்கு எந்தத் தட்ட எடுக்க? மச்சானுக்கு 77 நடக்குது, எனக்கு 71. அவுக கண்ணுக்கு நான் இன்னும் டவுசர் போட்ட மச்சினன்தான். அக்கா கல்யாணத்தன்னைக்கு எம் மூக்க ஒழுகாமத் தொடச்சுவிட்டதே அவுகதான்னு ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரியிறாக. அப்பேர்ப்பட்ட மூக்கத் தூக்கிக்கிட்டு நான் போயி, நீங்க இனிமே கார் ஓட்டாதீகன்னு சொல்லணுமாக்கும்.

சரி, கேட்டுட்ட. சொல்றேன். மொதக் காரியம், வயசச் சொல்லி ஆரம்பிச்சுராத. மதுரையில அரவிந்த் கண்ணாஸ்பத்திரிய 1976-ல 11 கட்டிலோட ஆரம்பிச்சாரே வெங்கடசாமி டாக்டரு, அப்ப அவருக்கு வயசு 58. சர்க்கார் வேலையில ரிட்டயராகி, ஈசிச்சேர்ல சாஞ்சு பேப்பர் படிக்க வேண்டிய ஆளு. வாதத்துல விரலெல்லாம் கோணிப்போன கை வேற. அந்தக் கைதான் எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கண்ணுல பொரை எடுத்துச்சு. வயசாச்சு, விரலும் கோணிருச்சுன்னு எவனாச்சும் அன்னைக்கே கத்திய வாங்கி உள்ள வச்சிருந்தா என்னாயிருக்கும்? நீ 45 வயசு எளவட்டம். போன பொங்கலுக்கு வந்தப்ப ஒரு கையில ஸ்டீயரிங், ஒரு கையில போன். கார்ல ஏறுன நாங்கதான் ஒனக்குப் பதிலா ரோட்டப் பாத்துக்கிட்டு வந்தோம். நாப்பது தாண்டிட்டா லைசன்ஸ் புதுப்பிக்கிறப்ப டாக்டர் கையெழுத்து ஒனக்கும் வேணும், தெரியுமில்ல? அந்த ஃபாரம் 1ஏ ஒங்கப்பனுக்கு மட்டும் அச்சடிச்சது கிடையாது.

சட்டத்தக் கேட்டா அது நம்மளவிடப் பெரிய நையாண்டிக்காரனா இருக்கு. 55 வயசு தாண்டினவனுக்கு லைசன்ஸ் அஞ்சு வருசத்துக்குச் செல்லும். முடிஞ்சா இன்னொரு அஞ்சு. மேல இத்தனை வயசோட நிறுத்திக்கன்னு ஒரு வரம்பு கிடையாது. கவர்மெண்டு பஸ் ஓட்டுறவர 60 வயசுல மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புறாக. அந்த மாலை வாடுறதுக்குள்ள அவரு சொந்தக் கார்ல குடும்பத்த ஏத்திக்கிட்டுத் திருச்செந்தூர் போயிட்டு வரலாம். கேள்வி கேக்க நாதியில்ல.

கார் பாவம், அதுக்குத்தான் கெடுபிடி. வாங்கி 15 வருசம் ஆச்சுன்னா ஆர்டிஓ ஆபீசுல கொண்டுபோயி நிறுத்தணும். இன்ஸ்பெக்டரு பாத்துச் சரின்னு சொன்னாத்தான் இன்னும் அஞ்சு வருசம் ஓடலாம். மச்சானோட மாருதி அப்படி எஃப்.சி.க்குப் போயிட்டு வந்ததுதான். பிரேக்க அமுக்கிப் பாத்தாக, லைட்டப் போட்டுப் பாத்தாக, ஹாரன அடிச்சுப் பாத்தாக. பிரேக்க அமுக்குற கால, லைட்டப் பாக்குற கண்ண, ஹாரனக் கேக்குற காத ஒருத்தரும் பாக்கல. ஆளுக்கு எஃப்.சி. அந்த ஃபாரம் 1ஏ மட்டும்தான். அதுலயும் சில எடத்துல கையெழுத்துப் போட்ட டாக்டரு யாருன்னு ஆளுக்குத் தெரியாது, ஆளு யாருன்னு டாக்டருக்குத் தெரியாது. ரெண்டு பேரையும் தெரிஞ்சவன் நடுவுல நிக்கிற டிரைவிங் ஸ்கூல்காரன்.

இதுல இன்னொரு வேடிக்கை. ஒழுங்காப் புதுப்பிச்சுட்டு வர்றவனுக்கு ஓட்டிக் காட்டுற சோலி கிடையாது. முடிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல மறந்துபோயி இருந்தவன்தான் மறுபடியும் டெஸ்டுக்கு நிக்கணும். ஒடனே ஒனக்குக் குறுக்குப் புத்தி ஓடுமே, லைசன்ஸ ஒளிச்சு வச்சு வருசத்தத் தாண்ட விட்டுருவோம்னு. எனக்கும் ஓடுச்சு. ஆனா லைசன்ஸ் இல்லைன்னு மச்சான் வண்டிய நிறுத்துவாகளா? அந்த ஒரு வருசமும் ஓட்டுவாக. நடுவுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான். வேண்டாம்.

ஆபீசுல பாக்காத எஃப்.சி.ய வீட்டுலயே பாத்துரலாம். சத்தங்காட்டாமப் பாக்கணும், அதான் சூட்சுமம். லைசன்ஸ் ஃபாரத்துலயே ஒரு கேள்வி உண்டு: நல்ல பகல் வெளிச்சத்துல, 25 மீட்டர் தள்ளி நிக்கிற கார் நம்பர, ஒவ்வொரு கண்ணாலயும் தனித்தனியாப் படிக்க முடியுதான்னு. கண்ணாடி போடுறவுக போட்டுக்கிடலாம். எல்லாரும் ஆமான்னு எழுதிட்டு வந்துருவாக. நீ ஊருக்கு வந்தா அப்பாவ டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போ. எதுத்த சாரியில, முப்பது எட்டு தள்ளி ஒரு வண்டி நிக்கும். பேச்சுவாக்குல, அது எந்த ஊரு வண்டிப்பான்னு கேளு. ஒரு எச்சரிக்கை, நம்ம ஊரு வண்டியாப் பாத்துக் கேட்டுறாத. பஞ்சாயத்துத் தலைவரு காரு, மெடிக்கல் கடைக்காரன் காரு, எல்லா நம்பரும் அவுகளுக்கு மனப்பாடம். கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லிருவாக. வெளியூரு வண்டியாத் தேடு.

கால் கதை வேற. சக்கரை வந்து நாளாச்சு அவுகளுக்கு. வாசல்ல இருந்து நடையேறி வர்றப்ப ஒத்தச் செருப்பு வழியில கழண்டு கெடக்கும், அவுக பாட்டுக்கு உள்ள வந்து உக்காந்திருப்பாக. நாம பாத்துச் சிரிக்கிறோம். செருப்பு போனது தெரியாத காலுக்கு, தான் மிதிக்கிறது பிரேக்கா ஆக்சிலேட்டரான்னு எப்படித் தெரியும்? செவ்வாக்கிழமை வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுக்கிட்டு, விரதம்னு கழுகுமலைக்கு வண்டிய எடுக்கிறாகளே, அது முருகனுக்கே அடுக்காது. சக்கரை எறங்கிட்டா வேர்த்துக் கொட்டும், தலை கிறுகிறுங்கும். அத வெயிலுன்னு நெனைச்சுக்கிட்டு ஓட்டுவாக.

கழுத்து ஒண்ணு இருக்கு, அத யாரும் கணக்குலயே சேக்கிறதில்ல. நம்ம ஊரு வண்டிப்பாதை நாலுவழிச்சாலையில ஏறுற எடத்துல ஓரமா நின்னு பாரு. எளவட்டம் தலைய முழுசாத் திருப்பிப் பாப்பான். மச்சான் கண்ண மட்டும் திருப்புவாக. கழுத்து திரும்பாது. அதுலயும் வலது பக்கமாத் திரும்பணும்னா எதுக்க வர்ற லாரி எவ்வளவு தூரத்துல வருது, எவ்வளவு வேகத்துல வருதுன்னு ஒரு நொடியில மனக்கணக்குப் போடணும். கூட்டுறவுச் சங்கத்துல பைசா பெசகாமக் கணக்கெழுதின மனுசன்தான். ஆனா அந்தக் கணக்கு சாயந்தரம் வரைக்கும் காத்திருக்கும், இது காத்திருக்காது.

இதுக்கெல்லாம் மேல ஒரு பரிசோதனை இருக்கு. எங்க அக்கா. முன்னெல்லாம் முன்சீட்டுல உக்காந்து ஊர்க்கதை பூராம் பேசிக்கிட்டு வருவா. இப்ப வாயத் தொறக்கிறதில்ல. ஒரு கை கதவுக்கு மேல இருக்கிற பிடியில, இன்னொரு கை தாலியில. அவ பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்குன்னு நெனைச்சு வலது காலத் தரையில ஊனுறா பாரு, அது எந்த டாக்டரும் குடுக்காத சர்ட்டிபிகேட்டு. கார எடுக்கிற சத்தம் கேட்டா எதுத்த வீட்டுக்காரி பிள்ளைய உள்ள கூப்பிடுறா. மச்சானுக்கு இதெல்லாம் மரியாதைன்னு ஒரு நெனைப்பு.

ரொம்ப வருத்தப்படாத, சாவி வாங்குறது அரண்மனையிலயே கஷ்டமான காரியமாத்தான் இருந்திருக்கு. இங்கிலாந்து ராணியம்மா வீட்டுக்காரரு பிலிப், 2019 ஜனவரியில, 97 வயசுல, சாண்ட்ரிங்காம் பக்கம் தானே வண்டி ஓட்டிக்கிட்டுப் பெரிய ரோட்டுல ஏறினாரு. எதுக்க வந்த கார்ல மோதி, இவரு வண்டி கவுந்துருச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல. அந்தக் கார்ல ரெண்டு பொம்பளைக, ஒம்பது மாசக் கைப்புள்ள ஒண்ணு. புள்ள தப்பிச்சது தெய்வாதீனம். ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு ஒடைஞ்சுபோச்சு. சூரியன் கண்ணக் கூசிருச்சும்மான்னு அதுக்குக் கடுதாசி எழுதினாரு. மோதின ரெண்டாம் நாளே சீட் பெல்ட் போடாம மறுபடியும் ஓட்டிக்கிட்டுப் போயி, போலீசு வந்து புத்தி சொல்லிட்டுப் போச்சு. பிப்ரவரியிலதான் லைசன்ஸத் திருப்பிக் குடுத்தாரு. ஒரு ராஜ்ஜியத்தையே ஆண்ட அம்மாவுக்குக் காலம் பூரா வசப்படாத சாவி அது. எங்க அக்காளக் கேட்டு என்ன பிரயோசனம்?

ஜப்பான்காரன் கெட்டிக்காரன். 75 தாண்டினவுக புதுப்பிக்கப் போனா, படங்களக் காட்டி, பொறவு மறைச்சுட்டு, என்னென்ன பாத்தீகன்னு கேக்கிறான். இன்னைக்கு என்ன தேதின்னும் கேக்கிறான். தானா லைசன்ஸத் திருப்பிக் குடுக்கிறவுகளுக்கு ஒரு அட்டை. அதக் காட்டினா பல ஊர்ல பஸ்லயும் டாக்சியிலயும் தள்ளுபடி. வாங்குற கை குடுக்கவும் செய்யுது பாத்தியா? நீ வாங்குறதுல மட்டும் குறியா இருக்க. சாவிய வாங்கிப் பையில போட்டுக்கிட்டு ராத்திரி ரயிலேறிப் போயிருவ. விடிஞ்சா மாத்திரை வாங்கணும், பேங்குல லைஃப் சர்ட்டிபிகேட் குடுக்கணும், பந்தல்குடியில ஒரு துட்டிக்குப் போகணும். மினிபஸ் நெனைச்சா வரும், நெனைக்காட்டி வராது. வீட்டுல உக்காந்த மனுசன் நாலே மாசத்துல நெசமாவே கெழவனாயிருவான்.

அதனால, வர்ற சனிக்கிழமை ஊருக்கு வா. சாவியப் பத்தி வாயத் தொறக்காத. நீயே ஓட்டிக்கிட்டு அப்பாவ மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ராத்திரியில எதுக்க வர்ற லைட்டு பூப்பூவா விரியுதுன்னு அவுகளே எங்கிட்டச் சொன்னாக. அது பொரையா இருந்தா எடுத்துட்டு லென்சு வச்சுருவாக, இன்னும் கொஞ்ச காலம் பகல்ல ஓட்டட்டும். பொரை இல்ல, பக்கப் பார்வை சுருங்குற நோயின்னு டாக்டரு சொன்னா, அத அந்த டாக்டர் வாயாலயே சொல்ல வை. பெத்த மகன் சொன்னா அது சொத்துத் தகராறாயிரும்.

பொறவு மொத்தமாப் பிடுங்காம, துண்டு துண்டா வாங்கு. மொதல்ல ராத்திரிய வாங்கு. லாரிக்காரன் பூராம் எல்.இ.டி. லைட்டப் போட்டுக் கண்ண அவிக்கிறான், நாம எதுக்குன்னு பழிய லாரிக்காரன் மேல போடு, சந்தோசமாக் குடுத்துருவாக. அடுத்தாப்ல மழைய வாங்கு. பொறவு நாலுவழிச்சாலைய. கடைசியில நம்ம தெருவும் ரைஸ்மில்லும் மிஞ்சும். அதுக்குள்ள ஒரு ஆக்டிங் டிரைவர் பயலப் பழக்கிவிட்டுரு, மாசக் கணக்குல ஒரு ஆட்டோவையும் பேசிரு. காசு நீ அனுப்பு. ஆனா அவுக கையால அவன்கிட்டக் குடுக்கட்டும். முன்னால உக்காந்து ஓட்டுறவன் சம்பளக்காரன், பின்னால உக்காந்திருக்கிறவருதான் மொதலாளின்னு நான் டீக்கடையில நாலு பேரு முன்னாடி எடுத்துவிடுறேன். அத நான் பாத்துக்கிடுறேன். ரெண்டே வாரத்துல, நான் இப்ப வண்டியத் தொடுறதில்லைன்னு அவுகளே பெருமையாச் சொல்லுவாக.

எதுக்கும் படியலைன்னா? ஒத்தையில நேரா நின்னு கேட்டுரு. அழுதாலும் பரவாயில்ல, கேட்டுரு. ரோட்டுல போற பிள்ளைக்கு ஒங்கப்பா கௌரவம் தெரியாது.

என்னோட டிவிஎஸ்-50-க்கு என்ன வழின்னுதானே கேக்க வர்ற? அதுக்கென்ன, அது ஜம்முனு ஓடுது. ஒங்க அத்தை மட்டும் பின்னால உக்கார்றதில்ல. 2021-ல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லையில்ல, எதுக்கு வீணாப் பெட்ரோலக் கரிக்கணும்ங்கிறா. மெயின்ரோட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நானே கொண்டுபோயி விடுறேன்னாலும் வேண்டாம்னுட்டு அந்த ஒரு மைலையும் வெயில்ல நடந்தே போறா. வேற காரணம் ஒண்ணுமில்ல. அவ பெறந்த வீட்டுலயே எல்லாரும் சிக்கனக்காரக.