பாரி கேட்காத கேள்வி

சொற்களைச் சரக்கு ரயில் பெட்டிபோல மாட்டிக்கொண்டே போவது ஜெர்மானியர் வழக்கம். 1951-ல் அவர்கள் போட்ட ஒரு தொழிலாளர் சட்டத்தின் பெயர் ‘க்யூண்டிகுங்ஸ்ஷுட்ஸ்கெசெட்ஸ்’. (முதல் எழுத்தைக் கவனமாக உச்சரிக்கவும், வீட்டில் பெரியவர்கள் இருக்கலாம்.) ‘குண்ட்’ என்றால் தெரிந்தது. அதிலிருந்து வந்த ‘க்யூண்டிகுங்’ முதலில் தெரியப்படுத்துவதைக் குறித்து, பிறகு வேலைநீக்கம் ஆனது. ‘ஷுட்ஸ்’ காப்பு, ‘கெசெட்ஸ்’ சட்டம்.

ஆக, போகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பது அங்கே சொல்லின் வேரிலேயே இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் முதல் சிறுசேரி வரை விஷயம் முதலில் தெரிவது பெரும்பாலும் வாசல் கேட்டுக்குத்தான். அடையாள அட்டையைக் காட்டுவோம், திறக்காது. வாழ்த்து மின்னஞ்சல் பின்னால் வரும்.

நம் சொல்லும் லேசுப்பட்டதல்ல. உழைத்தவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணத்துக்குப் பெயர் பணிக்‘கொடை’! மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் கணக்கு. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, அது 5 ஆண்டு இடைவிடாமல் படர்ந்ததா என்று கேட்கவில்லை. 1972-ம் ஆண்டுச் சட்டம் கேட்டது.

30 நாளுக்குள் தராவிட்டால் வட்டியும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.