டாங்கி தயார், தண்டவாளம் எங்கே?

ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்கியின் அகலம் 3.86 மீட்டர். ரயிலின் வழக்கமான அகல வரம்புக்குள் அடங்காது. வேகனில் ஏற்றுவதே ஒரு போர். மாதிரி ரயில் கட்டுகிறவருக்கு அந்தத் தலைவலி இல்லை. 1:87 அளவில் டாங்கி வெறும் 44 மில்லிமீட்டர். உருளாமலிருக்கத் தீக்குச்சி முட்டு, இழுத்துக் கட்டக் கவரிங் செயின், குழலுக்குத் தீர்ந்துபோன ரீஃபில், துருவுக்குக் கொஞ்சம் காவி.

ஏற்றியாயிற்று; மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு நேராக எப்படி அனுப்புவது? 1906-இல் வந்த குறும்பாதையை 1941-இல், உலகப்போர் நடுவே மூடிவிட்டார்கள். புதிய பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 36 கிலோமீட்டர். மாதிரியில் 414 மீட்டர்தான். மொட்டைமாடியில் சுற்றிச்சுற்றிப் போட்டுவிடலாம். நிலம் கையகப்படுத்த மாமியாரிடம் பேச வேண்டும்: வடாம் காய்கிற இடம்.