கடன்கார சக்கரவர்த்தி

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நான் ரோமாபுரிச் சக்கரவர்த்தி. பகலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் மற்றவர்களுடைய ஜிஎஸ்டியைத் தாக்கல் செய்கிறவன். இரண்டு உத்தியோகத்திலும் வருமானம் பற்றாது.

விளையாட்டின் பெயர் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4. ஸ்வீடன்காரர்கள் 2013-இல் வெளியிட்டது. 1444 நவம்பர் 11 அன்று உலக வரைபடம் உங்கள் முன்னால் விரியும். பிடித்த நாட்டை எடுத்துக்கொண்டு 1821 வரை ஆளலாம். பிரான்ஸை எடுக்கலாம், மிங் சீனாவை எடுக்கலாம். நம் பக்கத்து விஜயநகரம்கூட இருக்கிறது, நல்ல வசதியான குடும்பம். விவரமானவர்கள் ஒட்டோமான் துருக்கியை எடுப்பார்கள். நான் எடுப்பது அந்தத் துருக்கியின் கடைவாய்ப் பல்லில் கொய்யா விதை மாதிரி சிக்கிக் கிடக்கும் பைசாந்தியத்தை.

ஒரு காலத்தில் மத்தியதரைக் கடலையே வளைத்துக் கட்டி ஆண்ட ரோம சாம்ராஜ்யத்தின் மிச்சம் இது. 1444-இல் அதன் கையில் இருப்பது கான்ஸ்டாண்டிநோபிள் நகரம், கிரேக்கத்தின் தென்கோடியில் மோரியா, சொன்னபடி கேட்கும் சிற்றரசாக ஏதென்ஸ். இந்த மூன்று ஊதாப் பொட்டுகளைச் சுற்றிலும் துருக்கியின் பச்சை. எங்கள் தெருவில் ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. மூன்று பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. பில்டர் வாராவாரம் வந்து விலை பேசிவிட்டுப் போகிறார். தாத்தா திண்ணையை விட்டு நகர்வதாயில்லை. அந்தத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜூலியஸ் சீசர் காலத்துப் பத்திரம் இருப்பதாக வைத்துக்கொண்டால் என் நிலைமை புரியும்.

இந்த நவம்பர் 11-ஐ யாரோ யோசித்துத்தான் பொறுக்கியிருக்க வேண்டும். முந்தின நாள், கருங்கடல் ஓரம் வர்ணாவில் ஒரு போர் நடந்தது. துருக்கியை ஐரோப்பாவிலிருந்தே துரத்துகிறேன் என்று கிளம்பி வந்தவர் போலந்து, ஹங்கேரி இரண்டுக்கும் ராஜாவான விளாடிஸ்லாவ். வயது 20. சுல்தான் நின்ற இடத்தைப் பார்த்து நேராகக் குதிரையை விட்டார், போனவர் திரும்பவில்லை. ஆக, நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது என்னைக் காப்பாற்ற வந்த படைக்குப் பால் தெளித்தாகிவிட்டது. போலந்தில் சிம்மாசனம் காலி. ஹங்கேரியில் அடுத்து வரவேண்டிய ராஜாவுக்கு வயது 4.

அதனால் முதல் வேலை கூட்டணி தேடுவது. ஒரு நாட்டின் மேல் க்ளிக் செய்து, கூட்டணிப் பொத்தானில் மவுஸை வைத்தால், அவர்கள் ஏன் வரமாட்டார்கள் என்று விளையாட்டே பட்டியல் போட்டுக் காட்டும். பச்சையில் கூட்டல், சிவப்பில் கழித்தல். தூரம் அதிகம், கழித்தல் இத்தனை. உன் பலம் போதாது, கழித்தல் இத்தனை. நேரில் யாரும் இவ்வளவு மரியாதையாக நம்மை நிராகரிப்பதில்லை. என் மைத்துனரிடம் கைமாற்றுக் கேட்டபோது அவருடைய தலைக்கு மேல் இப்படி ஒரு பட்டியல் தெரிந்திருந்தால் காபி குடித்துவிட்டுக் கௌரவமாக எழுந்து வந்திருப்பேன்.

என்னிடம் உள்ள இரண்டு மூன்று தூதர்களில் ஒருவரை நிரந்தரமாக ஹங்கேரியில் உட்கார வைத்துவிடுவேன். அவர் அங்கே என்ன செய்கிறார் என்று தெரியாது. பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். மாதாமாதம் நம்மைப் பற்றிய அபிப்பிராயம் கொஞ்சம் ஏறும். ஏறி, கூட்டணி கையெழுத்தாகி, துருக்கிக்காரன் வாசலுக்கு வந்ததும் "வாருங்கள்" என்று ஓலை அனுப்பினால், ஹங்கேரிக்குத் திடீரென்று கடன் இருப்பது ஞாபகத்துக்கு வரும். இதுவும் பட்டியலில் சிவப்பாக வரும். என் மனைவிக்கு இந்த விளையாட்டில் தெரிந்த ஒரே விஷயம் இதுதான். தண்ணீர்ச் சொம்போடு அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஹங்கேரிக்காரன் வந்தானா?" என்பாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கை அணைப்பாள்.

நிஜத்திலும் கதை இதேதான். 1400-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குச் சக்கரவர்த்தி இரண்டாம் மானுவேல் லண்டனில் இருந்தார். உதவி கேட்டு அவ்வளவு தூரம் போயிருந்தார். நான்காம் ஹென்றி ராஜ உபசாரம் செய்தார். படை மட்டும் வரவில்லை. மானுவேலின் மகன் எட்டாம் ஜான் ஒருபடி மேலே போய், 1439-இல் ஃப்ளாரன்ஸில் போப்பின் சபையோடு தம் சபையை இணைக்கவே கையெழுத்துப் போட்டார். ஊர் திரும்பினால், சொந்த ஜனங்கள் அந்தக் காகிதத்தை மதிக்கவில்லை. போப் திரட்டிய படைதான் வர்ணாவில் போய் விழுந்தது.

அடுத்தது கடன். விளையாட்டில் கடன் வாங்க ஒரு பொத்தான் போதும். வருடத்துக்கு 4 சதவீத வட்டி, 5 வருடக் கெடு, ஜாமீன் கையெழுத்து இல்லை, பான் கார்டு இல்லை. என் வீட்டுக் கடன் வட்டியை நினைத்து அந்தப் பொத்தானைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். கெடு முடிகிற மாதம் கஜானாவில் அசல் இல்லாவிட்டால் விளையாட்டே இன்னொரு கடன் வாங்கிப் பழையதை அடைத்துவிடும். இந்த மாதிரிக் கணக்கு வழக்கோடு எங்கள் ஆபீஸ் படியேறும் கட்சிக்காரர்களுக்கு நான் பகல் முழுக்க உபதேசம் செய்கிறேன். ராத்திரி பதினேழு கடன்களோடு கூலிப்படைக்கு ஆள் எடுக்கிறேன்.

அசல் பைசாந்தியர்கள் இதிலும் எனக்கு அண்ணன். 1343-இல் மகாராணி அன்னா, கிரீடத்து நகைகளை வெனிஸில் 30,000 டுகாட்டுக்கு அடகு வைத்தார். மீட்கவே முடியவில்லை. 1347-இல் அடுத்த சக்கரவர்த்திக்கு முடிசூட்டியபோது கிரீடத்தில் இருந்தவை கண்ணாடிக் கற்கள். விருந்துக்கு வெள்ளித் தட்டு இல்லை, மண்ணும் ஈயமும்தான். விசேஷத்துக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போய், ஒரிஜினல் லாக்கரில் இருப்பதாகச் சொன்ன குடும்பம் எதுவும் இதைப் படித்துச் சிரிக்காது. இன்னும் ஒன்று. பீரங்கி வார்க்கும் ஆர்பான் என்ற ஹங்கேரிக்காரர் முதலில் வேலை கேட்டு வந்தது கான்ஸ்டாண்டிநோபிளுக்குத்தான். கேட்ட சம்பளம் கொடுக்க வழியில்லை. அவர் நேரே சுல்தான் மெஹ்மதிடம் போனார். 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் மதிலை இடித்தது அவர் வார்த்த பீரங்கி. ஒட்டுமொத்த வரலாற்றில் ஹங்கேரியிலிருந்து ஒருவர் தாமாகவே வந்தார். அவரையும் பட்ஜெட் இல்லை என்று அனுப்பிவிட்டோம்.

கல்யாணப் பேச்சில் மட்டும் எங்கள் வீடே சேர்ந்துகொண்டது. விளையாட்டில் ராஜ சம்பந்தம் என்று ஒன்று உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் கூட்டணிக்குக் கொஞ்சம் பச்சை ஏறும். பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடியிருந்த அம்மாவின் காதில் சம்பந்தம் என்ற வார்த்தை விழுந்துவிட்டது.

"யாருக்குடா வரன்?"

ஜானின் தம்பி கான்ஸ்டன்டைன், கடைசிச் சக்கரவர்த்தி, அவருக்கு என்றேன். நாற்பதைத் தாண்டியவர், இரண்டு தாரமும் தவறிவிட்டது, குழந்தை இல்லை. அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். ஸ்ஃப்ரான்ட்ஸஸ் என்ற நம்பிக்கையான அதிகாரியை அவர் ஜார்ஜியாவுக்கும் ட்ரெபிஸோண்டுக்கும் பெண் பார்க்க அனுப்பினார் என்று சொன்னேன். 1451-இல் பழைய சுல்தான் முராத் இறந்த செய்தி வந்ததும், அந்த மனிதருக்குத் தரகர் மூளை பளிச்சென்று வேலை செய்தது. முராதின் மனைவியரில் ஒருத்தி மாரா, செர்பிய இளவரசி. அவளையே கேட்டால் என்ன?

"அந்தச் சுல்தானோட பொண்டாட்டியவா?"

"ஆமாம்மா. நடந்திருந்தா முராத் மகன் மெஹ்மதுக்கு இவர் சித்தப்பா முறை. சித்தி புருஷன் ஊரை எப்படி முற்றுகை போடுவான்?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "போடுவான்" என்றாள். சொத்துத் தகராறு பார்த்து வளர்ந்தவள். மாராவும் சம்மதிக்கவில்லை. துருக்கியிடமிருந்து விடுதலை கிடைத்தால் இன்னொரு கல்யாணமே செய்வதில்லை என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டிருந்தாளாம். கடைசியில் ஜார்ஜியப் பெண்ணை நிச்சயம் செய்தார்கள். அழைத்து வருவதற்குள் முற்றுகை வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு அம்மா காலையில் காபி கொடுக்கும்போதெல்லாம், "பாவம், அந்த ஜார்ஜியாப் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினொரு தடவை தோற்றேன். 1446-இல் ஒருமுறை, 1449-இல் நாலுமுறை, மற்றதெல்லாம் நடுவில். நடுநடுவே வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்ததாகச் செய்தி வரும். நாட்டின் நிலைத்தன்மை ஒரு படி இறங்கும். கீழே நாலு பொத்தான். எதை அழுத்தினாலும் பலன் ஒன்றுதான். பல சாம்ராஜ்யங்களின் நிர்வாகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நான் ஆடுவது அயர்ன்மேன் முறை, அதாவது பின்னால் போய்த் தப்பைத் திருத்த முடியாது. செய்ய முடிந்தது ஸ்பேஸ் பாரைத் தட்டி உலகத்தை நிறுத்துவது ஒன்றுதான். நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழாவது படிக்கும் மகள் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஹேங் ஆயிடுச்சாப்பா?" என்றாள். கம்ப்யூட்டரைக் கேட்டாளா என்னைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

பன்னிரண்டாவது ஆட்டத்தில் சாமி கண் திறந்தது. துருக்கிக்காரன் கிழக்கே காரமான் நாட்டோடு மல்லுக்கட்டப் போனான். படை முழுக்க ஆசியாவில். நான் கலிபோலியைப் பிடித்து, கடன் வாங்கிக் கட்டிய கப்பல்களையெல்லாம் நீரிணையில் நிறுத்தினேன். அக்கரையில் பச்சைப் படை வந்து நின்றது. தாண்ட முடியவில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட கல்யாணக் கோஷ்டி மாதிரி கரையோரமாக வடக்கே போயிற்று, தெற்கே வந்தது. அந்தக் காட்சியை ஸ்பேஸ் பார் தட்டிப் பத்து நிமிஷம் ரசித்தேன். மனைவியை எழுப்பிக் காட்டினேன். "ஹங்கேரிக்காரன்?" என்றாள் தூக்கத்தில். வந்திருந்தான்! நான் ஜெயித்த பிறகு, ஒரு கோட்டையில் பங்கு கேட்க.

அதற்கப்புறம் சொல்ல ஒன்றுமில்லை. அட்ரியானோபிள் வந்தது, பல்கேரியா வந்தது, கடன் அடைந்தது. வரைபடத்தில் ஊதா பெருக்கப் பெருக்க எனக்குக் கொட்டாவி வந்தது. யாரும் என்னை அடிக்க வரவில்லை. கூட்டணிப் பட்டியலில் எல்லாமே பச்சை. வேகத்தை ஐந்தில் வைத்துவிட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

1467-இல் ஒரு தூதர் வந்தார். கிரிமியாவின் தென்முனையில் தியோடோரோ என்று ஒரு நாடு. மொத்தமே ஒரு மாகாணம். நம் சபைக்காரர்கள்தான். மேலே பெரிய கான் நாடு நெருக்குகிறது போலிருக்கிறது, கூட்டணி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். கணக்குப் போட்டேன். தூரம் அதிகம். படையும் சொல்லும்படி இல்லை. சண்டை வந்தால் நான்தான் ஓடவேண்டும்.

மறுத்துவிட்டேன்.

"யாருப்பா அது?" என்றாள் மகள்.

"யாரோ சின்ன ஊரும்மா" என்று அடுத்த கடலையை உடைத்தேன்.