தலைச்சோலைக்கு வந்த தம்பி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடியபடியே கடந்து, ஏற்காட்டில் இறங்கி, மூக்கிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுக்காமலே தலைச்சோலைக்கு வண்டி விசாரிக்கிறவரைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். வேளாண் கல்லூரி இறுதியாண்டு. கிராமத் தங்கல் திட்டம்.

1992-இல் ரந்தாவா குழு பரிந்துரைத்த ஏற்பாடு இது. மாணவர் ஒரு விவசாயக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொழிலைப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்காரருக்கு ‘ஹோஸ்ட் ஃபார்மர்’ என்று பட்டம். பட்டத்தோடு வேறொன்றும் வராது, தம்பியைத் தவிர.

பையில் அட்டைக்கு உப்பு இருக்கும், கொசுவுக்குக் களிம்பு இருக்கும், குளிருக்குக் குல்லாயும் இருக்கும். துண்டு இருக்காது. அதனால் நஷ்டமில்லை, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் காலைத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்ததுமே குளியல் நாளைக்கு என்று முடிவாகிவிடும்.

வந்தவுடன் கேள்வித்தாளை விரிப்பார்.

“ஐயா, உங்க ஆண்டு வருமானம் எவ்வளவுங்க?”

“எந்த வருசத்துக்குத் தம்பி? மிளகு காய்ச்ச வருசத்துக்கா, காய்க்காத வருசத்துக்கா?”

தாளில் ஒரு கட்டம்தான் இருக்கிறது. பேனா அந்தரத்தில் நிற்கும்.

1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கிரேஞ்ச் தோட்டத்தில் காபிக்கு வழிகாட்டிய மலையல்லவா? நுரை ததும்பும் டிகிரி காபியை எதிர்பார்த்துத்தான் திண்ணையில் உட்காருவார். வருவது வெல்லம் போட்ட வரக்காப்பி. முதல் நாள் மருந்துபோல விழுங்குவார். மூன்றாம் நாள் அவரே அடுப்படிக்குப் போய் டம்ளரை நீட்டுவார்.

சாப்பாட்டில்தான் பெரிய ஏமாற்றம். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து, மலையாளிப் பழங்குடி வீட்டில் சாமைச் சோற்றைப் படமெடுக்காமல் திரும்புவதில்லை என்று சபதம். இலையில் விழுவதோ வெள்ளைவெளேரென்று அரிசிச் சோறு.

“சாமை இல்லீங்களாம்மா?”

“வீட்டுக்கு வந்த புள்ளைக்குச் சாமையா போடுவாங்க?” என்று அந்த அம்மா இன்னொரு கரண்டி அரிசிச் சோற்றைக் கவிழ்ப்பார். மரியாதையை மறுக்கப் பாடத்திட்டத்தில் வழியில்லை.

அடுத்தது மண் மாதிரி. மேலே கிடக்கும் சருகை நீக்கு, ‘வி’ வடிவத்தில் 15 செ.மீ. ஆழம் வெட்டு, கலந்து, கால்கால் பங்காகக் கழித்து அரைக் கிலோ ஆக்கு. எல்லாம் இலக்கணப்படி நடக்கும். பொட்டலத்தில் பெயரெழுதி முடித்ததும் வீட்டுக்காரர் மெதுவாகச் சொல்வார்: “தம்பி, போன மாசம் வரைக்கும் அது எருக்குழி.” வெட்டும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் படித்த பிள்ளை இவ்வளவு மும்முரமாக இருக்கும்போது யார் குறுக்கிடுவது?

கோலப்பொடியில் ஊர் வரைபடம் போடுவது இந்தத் திட்டத்தின் சிகரம். ஊர்க்காரர்கள் போட, மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. தம்பி தானே போட்டுவிடுவார், அழகாக, அளவெடுத்து. அந்த வீட்டு ஆயா சுற்றிவந்து பார்த்து, “எங்க வூட்டை ஏன் ஓடைக்கு அந்தாண்ட வச்சே?” என்று காலாலேயே ஒரு தெருவை அழித்து, ஓடையைத் திருப்பி, இரண்டே நிமிஷத்தில் ஊரை அதன் இடத்தில் வைத்துவிடுவாள். அப்புறம் எடுத்த படம்தான் பதிவேட்டில் ஒட்டப்படும். மதிப்பெண் தம்பிக்கு.

கெட்ட பிள்ளை இல்லை. காபிப் பழம் பறிக்கும்போது பச்சைக் காயையும் சேர்த்து உருவுவார், அவ்வளவுதான்.

ஏற்காடு பேருந்து நிலையத்தில் இப்படி ஒருவர் எதிர்ப்பட்டால், கேட்காவிட்டாலும் தலைச்சோலைக்கு வழி சொல்லிவிடுங்கள். கையோடு ஒரு துண்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.