அம்மா ஏன் போனை எடுப்பதில்லை?

கே: ஊரில் தனியாக இருக்கும் 78 வயது அம்மாவுக்கு ஆசையாக ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. கோபமா, மறதியா?
- வாசகர், சென்னை

ப: விரலைச் சந்தேகியுங்கள், மனசை அல்ல! வயதான விரல் காய்ந்திருக்கும். தொடுதிரை அதை மதிப்பதில்லை. என் பெரியம்மா பச்சை வட்டத்தைக் காலிங்பெல் போல அழுத்திக்கொண்டே நிற்பார். மேலே தள்ள வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குள் நாங்கள் பொறுமையிழந்து வைத்துவிடுவோம்.

கூடவே ஒரு பட்டன் போன் கொடுங்கள். 2-ஐ அழுத்திப் பிடித்தால் உங்களுக்கு மணி அடிக்கட்டும். 3-இல் அவருடைய பள்ளித்தோழி. ஆமாம், தோழியும்தான். பிள்ளைகளிடம் சொல்லாத மூட்டுவலி அங்கேதான் வெளியே வரும். அடுத்தமுறை ஊருக்குப் போனால் அந்தத் தோழி வீட்டுக்கு ஒருநாள் ஆட்டோவில் கூட்டிப்போங்கள்.

போனை எடுத்தாலும் காது கேட்க வேண்டுமே! வயதானால் காதுக்கு முதலில் மங்குவது கீச்சுக்குரல்தான். பேத்தியைக் கத்தச் சொல்லாதீர்கள், நிறுத்தி நிதானமாகப் பேசச் சொல்லுங்கள்.

'சாப்பிட்டியாம்மா?' என்பது பேச்சல்ல, வருகைப்பதிவு! வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் ஓடும்.

முதியோருக்கான இலவச உதவி எண் 14567. பேச்சுத்துணை வேண்டுமென்றாலும் அழைக்கலாம். பெரிய எழுத்தில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.