கடைசி மாடியின் மழைக்கணக்கு

புனே கோந்த்வாவில் ஜூன் பிறந்தால் என் வீட்டு வாளிகளுக்குக் குளியலறையில் வேலை கிடையாது. கூரையில் முதலில் மகாராஷ்டிர வரைபடம் போல ஈரக்கறை. அப்புறம் வெள்ளையாய் உப்புப் பூத்தது. போன வாரம் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, உள்ளங்கை அகலக் காரையைச் சாம்பார் சாதத்தில் தள்ளியது. சொசைட்டி செயலாளர் அண்ணாந்து பார்த்து, “பெயின்ட் அடித்தால் போதும், காக்கா” என்றார். (இங்கே காக்கா என்றால் சித்தப்பா.) மொட்டைமாடி ஒழுகினால் சொசைட்டி செலவு, 15 முதல் 30 வயது வரையிலான கட்டடத்துக்கு 5 ஆண்டுக்கொரு முறை உறுதிச் சோதனை என்கிறது சொசைட்டிகளுக்கான மாநிலத்தின் மாதிரித் துணைவிதி. எங்கள் கட்டடத்துக்கு வயது 22. சோதித்தது மழை மட்டும்தான். கமிட்டிக்காரர்கள் எல்லாரும் முதல் மாடி. தண்ணீர் அதுவரை இறங்க இன்னும் நாலு மழைக்காலமாவது ஆகும்.